வீட்டில் தண்ணீர் அடைப்பு: கடையில் தினமும் கேட்கிற கேள்விகளும் பதில்களும்

சென்னையில் ஒரு ஹார்டுவேர் கடையில் பல வருடமாக நிற்கிறேன். "அடைப்புக்கு ஏதாவது குடுங்க" என்று யாராவது வந்து கேட்காத நாள் கிடையாது, தீபாவளி, பொங்கல் முடிந்த வாரங்களில் இன்னும் அதிகம். அவர்களில் பாதிப் பேருக்கு எந்தப் பொருளுமே தேவைப்படாது. ஒரு வாளியும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். கடையில் கூட்டம் நிற்கும்போது இதையெல்லாம் விளக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களையும் சேர்த்திருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படியுங்கள், பின்னால் வருகிற பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

சிங்க்ல தண்ணி நிக்குது. மொதல்ல என்ன பண்ணணும்?

எதையும் ஊற்றாதீர்கள். குழாயை மூடிவிட்டு, வாஷ்பேசின், பாத்ரூம், டாய்லெட் என்று மற்ற இடங்களில் எல்லாம் ஒவ்வொரு சொம்பு தண்ணீர் விட்டுப் பாருங்கள். சிங்க் மட்டும் நின்றால் அடைப்பு அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பெரும்பாலும் ஒரு கை நீளத்துக்குள். அதை நீங்களே எடுத்துவிடலாம். சிங்க்கும் பக்கத்தில் இருக்கும் வாஷிங் மெஷின் லைனும் சேர்ந்து நின்றால், இரண்டும் ஒன்றாகிற இடத்துக்கு அப்பால் அடைத்திருக்கிறது. வீடு முழுக்க நின்றால் அது வெளி லைன், அந்தக் கதை வேறு, பின்னால் வருகிறது.

இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாததால்தான், வாசலில் சேம்பர், அதாவது கழிவுநீர்ப் பைப்புகள் வந்து சேர்கிற மூடி போட்ட குழி, நிரம்பிக் கிடக்கும்போது சமையலறையில் பைப்பைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நாங்க சிங்க்ல சோறு, காய் எதுவும் போடுறதே இல்ல. அப்புறம் எப்படி அடைக்குது?

அடைக்கிறவை பெரும்பாலும் நாம் ஊற்றுகிறவைதான். வடிகஞ்சி, மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீர், அப்பளம் பொரித்த சட்டியில் மிஞ்சிய எண்ணெய், புளி கரைத்த சக்கை, காபி ஃபில்டரைக் கவிழ்த்த பொடி. ஊற்றும்போது எல்லாம் தண்ணீர் மாதிரிதான் ஓடும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, நெய்யும் வனஸ்பதியும் பைப்புக்குள் போய் அதே வேலையைத்தான் செய்கின்றன. சூடாக ஓடி, ஆறியதும் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் கஞ்சி ஒரு பூச்சு, அதன் மேல் மாவு ஒரு பூச்சு.

ஒருமுறை பிளம்பர் ஒருவர் மாற்றிவிட்டு வந்த பழைய பைப்பைக் கடையில் வைத்து அறுத்துக் காட்டினார். ஒன்றரை அங்குலப் பைப், நடுவில் பென்சில் நுழைகிற அளவுக்குத்தான் வழி. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் மெழுகு போல ஒரு வளையம். அதற்குள் கடுகும் கறிவேப்பிலைக் காம்பும் ஒரு கடலைப்பருப்பும் பதித்து வைத்த மாதிரி இருந்தன. விரலால் அழுத்தினால் ஊறிப்போன சோப்பு போல வழுக்கியது. அந்த வீட்டில் சோறு கொட்டியதே இல்லை என்றுதான் சொன்னார்களாம், அவர்கள் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும்.

கஞ்சியை ஆறவைத்துச் செடிக்கு ஊற்றுங்கள், மாடு வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். எண்ணெய்ச் சட்டியைக் கழுவுவதற்கு முன் பழைய பேப்பரால் ஒரு துடை துடைத்துக் குப்பையில் போடுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே சமையலறை அடைப்பு மிகவும் குறைந்துவிடும்.

கொதிக்கிற தண்ணிய ஊத்துனா போயிடும்னு சொல்றாங்களே?

சிங்க்குக்கு அடியில் இருப்பது பிவிசி. 60 டிகிரிக்கு மேல் போனால் அதற்கு ஆகாது, 80 டிகிரியை ஒட்டி வளைந்து கொடுக்க ஆரம்பித்துவிடும். கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி. ஒருமுறை ஊற்றியதும் உடைந்து விழாது, ஆனால் இணைப்புகள் இளகும், வாஷர் கெடும், அடியில் மாட்டியிருக்கும் சுருள் சுருளான பைப் தொய்ந்து பள்ளம் விழும். பள்ளம் விழுந்த இடத்தில் அடுத்த அடைப்பு உட்காரும். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை நேராக சிங்க்கில் வடிப்பதும் இதே கதைதான்.

குளிக்க வைக்கிற வெந்நீரைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு போதும். தண்ணீர் மெதுவாகவாவது இறங்குகிறது என்றால், ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விடை விட்டு, அரை வாளி வெந்நீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். புதிதாகப் படிந்த எண்ணெய் என்றால் இளகிப் போய்விடும். தண்ணீர் அசையாமல் நிற்கிறது என்றால் வெந்நீர் அடைப்பு வரை போய்ச் சேரவே சேராது, மேலேயே நின்று ஆறிவிடும்.

சிங்க்குக்கு அடியில பைப்பக் கழட்டலாமா? ஒடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

கழற்றலாம். அது கையால் கழற்றி மாட்டுவதற்காகவே செய்யப்பட்டது. தேங்கிய தண்ணீரை முதலில் டம்ளரால் மொண்டு வாளியில் ஊற்றிவிடுங்கள். பிறகு அடியில் இருக்கும் டப்பாக்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, வாளியை நேராக வையுங்கள். கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாட்டும்போது எந்த வாஷர் எங்கே இருந்தது என்று தெரியும். சொம்பு மாதிரி தொங்குகிறதே, அதன் பெயர் பாட்டில் டிராப். அதன் அடிப்பாகத்தை ஜாடி மூடி திறப்பது போலக் கையால் திருகினால் வந்துவிடும். ஸ்பேனர் போடாதீர்கள், பிளாஸ்டிக் மரை அதில்தான் உடைகிறது. வழுக்கினால் ஒரு ஈரமான ரப்பர் கையுறை போட்டுத் திருகுங்கள்.

உள்ளே இருப்பதை ஒரு குச்சியால் சுரண்டி வாளியில் தள்ளிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். கழற்றிய பாகத்தை அதே சிங்க்கில் கழுவ வேண்டாம், பாத்ரூமுக்கு எடுத்துப் போங்கள். பைப் கழன்று கிடக்கிறது என்பதை மறந்து சிங்க்கில் குழாயைத் திறந்து தரை முழுக்க நனைத்தவர்கள் ஏராளம். மாட்டும்போது வாஷர் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார வேண்டும், கை இறுகிய பிறகு இன்னும் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் சிங்க்கைப் பாதி நிரப்பி ஒரேயடியாக விட்டுவிட்டு, காய்ந்த பேப்பரை ஒவ்வொரு இணைப்பிலும் தொட்டுப் பாருங்கள். ஒரு சொட்டுக் கசிவு இருந்தாலும் பேப்பர் காட்டிக்கொடுத்துவிடும்.

பல வீடுகளில் பாட்டில் டிராப்பே இருக்காது, சுருள் சுருளாக ஒரு பைப் நேராகச் சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ போகும். அதை இரண்டு பக்கமும் கழற்றி எடுத்து வெளியில் வைத்து அலசலாம். பழசாகி விறைத்திருந்தால் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவதே மேல். விலை ரொம்ப ஆகாது, சுரண்டுகிற நேரத்தில் மாற்றிவிடலாம்.

ரப்பர் பம்ப் வாங்கிட்டுப் போனேன். அடிச்சு அடிச்சு கை வலிச்சதுதான் மிச்சம்.

பம்ப்பின் ரப்பர் முழுவதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். காய்ந்த சிங்க்கில் வைத்து அடித்தால் காற்றைத்தான் அமுக்குவீர்கள், காற்று சுருங்கிக்கொள்ளும், அடைப்பு அசையாது. இரண்டாவது, வாஷ்பேசினில் மேலே ஒரு சின்ன ஓட்டை இருக்கும், தண்ணீர் வழியாமல் இருப்பதற்காக வைத்தது. இரட்டை சிங்க் என்றால் பக்கத்து சிங்க்கின் வாய். இவற்றை ஈரத் துணியால் இறுக்கி அடைத்துக்கொள்ளாவிட்டால் நீங்கள் கொடுக்கிற அழுத்தம் எல்லாம் அந்த வழியாகப் போய்விடும்.

விளிம்பில் கொஞ்சம் வாசலின் தடவி வைத்து, முதல் அமுக்கை மெதுவாகக் கொடுங்கள். பிறகு இருபது தடவை வேகமாக. பலர் அமுக்குவதில்தான் குறியாக இருக்கிறார்கள், இழுப்பதுதான் அதிகம் உதவும். கட்டி அடைப்பு மேலும் கீழும் ஆடினால்தான் உடையும். மூன்று நான்கு சுற்று அடித்தும் அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு மேலே சொன்னபடி கழற்றிப் பாருங்கள்.

சமையல் சோடாவும் வினிகரும் ஊத்தினா நுரைச்சு வருதே, அது நல்லதுதானே?

நுரை வருவது கார்பன் டை ஆக்ஸைடு, சோடா பாட்டிலில் வருகிற அதே காற்று. ஒன்று காரம், ஒன்று அமிலம். சேர்ந்ததும் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டு கடைசியில் உப்புத் தண்ணீராகத்தான் மிஞ்சும். உறைந்த எண்ணெயையோ முடியையோ அது கரைக்காது. கெடுதல் எதுவும் கிடையாது, கொஞ்சம் நாற்றம் குறையும். அவ்வளவுதான்.

ஒரு ஆசிட் பாட்டில் குடுங்க, ஊத்தி விட்டுடறேன்.

கடையில் நான் அதிகம் கேட்கிற வாக்கியம் இதுதான், அதிகம் மறுப்பதும் இதைத்தான். தரை கழுவ விற்கிற ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்புத் தண்ணீர்க் கறையைக் கரைக்கும், சிமென்டைத் தின்னும். எண்ணெய்க் கட்டியையும் முடியையும் அது ஒன்றும் செய்யாது. ஆக, அடைப்பு அப்படியே இருக்கும். சிங்க்கின் ஸ்டீலில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும், டைல்ஸ் இடுக்கில் இருக்கும் பூச்சு பொரியும், அந்த இடுக்கு வழியாகக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தண்ணீர் நிற்கிற பைப்பில் ஊற்றிய ஆசிட் எங்கேயும் போவதில்லை, டிராப்புக்குள் அப்படியே இருக்கிறது. மறுநாள் பிளம்பரைக் கூப்பிடுவீர்கள், ஆசிட் ஊற்றியதைச் சொல்ல மறந்துவிடுவீர்கள். அவர் மல்லாந்து படுத்துக்கொண்டு முகத்துக்கு நேராக அந்த டிராப்பைத் திருகுவார். எங்கள் கடைக்கு வருகிற ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பித்தது, கன்னத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஏற்கெனவே எதையாவது ஊற்றிவிட்டீர்கள் என்றால், வேலைக்கு வருபவர் உள்ளே நுழைந்ததும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். என்ன ஊற்றினீர்கள், எப்போது, எவ்வளவு என்று.

அடைப்பு எடுக்குற பவுடர் பாக்கெட்ல வருதே, அது ஆசிட் இல்லையே. அதப் போடலாமா?

அது ஆசிட் இல்லை, ஆனால் சாதுவும் இல்லை. பெரும்பாலும் காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும், எண்ணெயைச் சோப்பாக மாற்றும், முடியையும் அரிக்கும். அதனால் ஆசிட் செய்யாத வேலையை இது செய்யும் என்பது உண்மைதான். தண்ணீர் மெதுவாக இறங்குகிற பைப்புக்கு மட்டும், பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவில், பச்சைத் தண்ணீரோடு போடுங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம், பொங்கி மேலே அடிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், குனிந்து உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அலுமினியப் பாத்திரத்தில் கலக்கவும் கூடாது, அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

முழுவதுமாக அடைத்து நிற்கிற பைப்பில் இதைப் போட்டால், கரைந்த எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்து அடியில் கல் மாதிரி இறுகிவிடுவது உண்டு. அதற்குப் பிறகு அடைப்பு எடுக்க உள்ளே விடுகிற ஸ்பிரிங் கம்பியும் நுழையாது, பைப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கண்ணிலோ தோலிலோ பட்டுவிட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 15, 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலுமிச்சைச் சாறு பிழிந்து சரிசெய்கிறேன் என்று நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

பவுடர் போட்டும் போகல. இப்ப ஆசிட்டோ ப்ளீச்சிங் பவுடரோ ஊத்திப் பாக்கவா?

கூடவே கூடாது. காஸ்டிக் மேல் ஆசிட் விழுந்தால் கொதித்துத் தெறிக்கும். ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஜன்னல் மூடிய பாத்ரூமில் அது ஆளையே சாய்த்துவிடும். டாய்லெட் கழுவ வாங்குகிற லிக்விடுகள் பலவற்றிலும் இதே அமிலம்தான் இருக்கிறது என்பதால் அவற்றோடும் ப்ளீச்சிங்கைச் சேர்க்காதீர்கள். மூச்சு அடைத்தாலோ கண் எரிந்தாலோ எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பாத்ரூம்ல குளிக்கும்போது தண்ணி கால் முழுக நிக்குது. குளிச்சு முடிச்சு அரை மணி நேரம் கழிச்சுதான் போகுது.

நூற்றுக்கு தொண்ணூறு முடிதான். தரையில் தண்ணீர் போகிற வாயின் மேல் இருக்கும் ஓட்டைத் தட்டுதான் ஜாலி, அதை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் தூக்குங்கள். கீழே தண்ணீர் தேங்கி நிற்கிற குழி ஒன்று இருக்கும், நஹானி டிராப் என்பது அதுதான். பழைய மாடலில் அதற்குள் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒன்று இருக்கும், அதையும் தூக்கிவிடுங்கள். கையுறை போட்டு உள்ளே விரலை விட்டுச் சுழற்றினால் கயிறு மாதிரி ஒரு சுருள் வரும். அறுந்துவிடாமல் மெதுவாக இழுங்கள், நீங்கள் எதிர்பார்த்ததைவிட நீளமாக இருக்கும்.

போர் தண்ணீர் வருகிற வீடுகளில் கூடவே வெள்ளையாகத் தயிர் மாதிரி ஒன்றும் வரும். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்ததுதான் அது. முடி வலை மாதிரி நிற்க, இது அதில் போய் அப்பிக்கொள்ளும். சீயக்காய்த் தூளும் அரப்பும் தேய்த்துக் குளிக்கிறவர்கள் வீட்டில் இன்னும் சீக்கிரம் அடைக்கும், கரையாத தூள் என்பதால். அவற்றைத் துணியில் வடிகட்டிக்கொண்டு தேய்க்கலாம். ஜாலி மேல் சின்னக் கண் உள்ள வலை ஒன்று போட்டுவிட்டு வாரம் ஒருமுறை அதைச் சுத்தம் செய்தால் குழிக்குள் கை விடுகிற வேலையே வராது.

தண்ணி நல்லாத்தான் போகுது, ஆனா நாத்தம் தாங்கல. கரப்பான் பூச்சி வேற வருது.

இது அடைப்பு இல்லை, காப்புத் தண்ணீர் இல்லாத கோளாறு. டிராப்பில் எப்போதும் நிற்கிற அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது. பத்து நாள் ஊருக்குப் போனால், பயன்படுத்தாத பாத்ரூமில் அது காய்ந்துவிடும். ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள், மேலே ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டால் காய்வதும் தாமதமாகும்.

தினமும் பயன்படுத்துகிற இடத்தில் நாற்றம் வந்தால், போன முறை சுத்தம் செய்தவர் அந்தக் கிண்ணத்தைத் திரும்ப வைத்தாரா என்று பாருங்கள். தண்ணீர் வேகமாகப் போகட்டும் என்று நல்லெண்ணத்தில் எடுத்து எறிந்துவிடுகிறார்கள். சிங்க்கில் சுருள் பைப்பை நேராகத் தரைக்குள் சொருகியிருந்தாலும் இதே பிரச்சினை வரும், சொருகிய இடத்தைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டு மூடிவிடலாம்.

ஸ்பிரிங் கம்பி விடுறது எப்படி? நானே பண்ணலாமா?

ஐந்து மீட்டர் கம்பி என்றால் நீங்களே விடலாம். டிராப்பைக் கழற்றிவிட்டுச் சுவருக்குள் போகிற பைப்பில் நேராக விடுங்கள், டிராப் வழியாக விட்டால் வளைவிலேயே மாட்டும். தள்ளும்போது கைப்பிடியை ஒரே திசையில் சுற்றிக்கொண்டே தள்ள வேண்டும். கம்பி நின்றால் அது வளைவாகவும் இருக்கலாம், அடைப்பாகவும் இருக்கலாம். வளைவு கடினமாக முட்டும், சுற்றினால் திடீரென்று வழிவிடும். அடைப்பு மெத்தென்று இருக்கும், கம்பியைப் பிடித்து இழுக்கிற மாதிரி தோன்றும். அப்போது இன்னும் நாலு சுற்றுச் சுற்றி வெளியே இழுங்கள், மாட்டியது கூடவே வரும். உள்ளே தள்ளிவிட்டால் அங்கே போய் மறுபடி உட்காரும்.

டாய்லெட்ல ஃப்ளஷ் பண்ணா தண்ணி மேல ஏறுது.

இன்னொரு முறை ஃப்ளஷ் செய்யாதீர்கள், அடுத்தது தரைக்கு வந்துவிடும். பத்து நிமிடம் விட்டுத் தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும், ஒரு வாளித் தண்ணீரை இடுப்பு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றுங்கள். பாதி அடைப்புகள் இதிலேயே போகும். போகாவிட்டால் அடியில் நாக்கு மாதிரி நீட்டிய ரப்பர் உள்ள பம்ப் வேண்டும், சிங்க்குக்கு வாங்கியது இங்கே சரியாகப் பொருந்தாது.

நாப்கின், டயப்பர், ஈர டிஷ்யூ, பஞ்சு இவைதான் பெரும்பாலும் உள்ளே இருக்கும். நாப்கின் தண்ணீரை உறிஞ்சி உப்புவதற்காகவே செய்யப்பட்டது, கரையாது, தள்ளினால் இன்னும் இறுகும், கொக்கி வைத்து இழுத்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டில் யார் போட்டது என்று சத்தம் போடுவதை விட்டுவிட்டு, பாத்ரூமில் மூடி போட்ட ஒரு குப்பைத் தொட்டியும் பழைய பேப்பரும் வையுங்கள். தொட்டி இல்லாத வீட்டில் விருந்தாளியாக வந்த பெண் வேறு என்னதான் செய்வார்.

பாத்ரூம்ல தண்ணி ஊத்தினா டாய்லெட்ல குமிழி வருது. மெஷின் ஓடினா பாத்ரூம் ஜாலி வழியா நுரை வருது.

முதல் பதிலில் சொன்ன வெளி லைன் இதுதான். வீட்டுக்குள் நீங்கள் கழற்ற வேண்டியது எதுவும் இல்லை. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு வெளியே போய், வீட்டுச் சுவரை ஒட்டிய முதல் சேம்பரின் மூடியைத் திறந்து பாருங்கள். காய்ந்து கிடந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் நடுவில். நிரம்பி நின்றால் அதற்கு அப்பால். இப்படியே ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனால், நிரம்பிய கடைசி சேம்பருக்கும் காய்ந்த முதல் சேம்பருக்கும் இடையில்தான் அடைப்பு. காம்பவுண்டு ஓரத்தில் இருக்கிற கடைசி சேம்பரும் நிரம்பியிருந்தால் தெரு லைன். சென்னையில் மெட்ரோ வாட்டரின் 1916 எண்ணுக்குப் புகார் செய்யுங்கள், ஜெட் அடிக்கிற வண்டி அவர்களிடம் இருக்கிறது.

மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்க வேண்டாம், கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள், தீப்பெட்டி, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டுத் திறப்பது நல்லது. அடைப்பை வெளியே நின்றபடியே நீளக் கம்பியால் குத்தி எடுக்கலாம்.

நாங்க கீழ்வீடு. மேல்வீட்டுக்காரங்க துணி தொவைச்சா எங்க பாத்ரூம்ல தண்ணி வருது. செலவு யாரோடது?

மேலிருந்து வருகிற பொது பைப் கீழே அடைத்திருக்கிறது, தண்ணீர் மிகத் தாழ்வாக இருக்கிற வாயைத் தேடி வருகிறது, அது உங்கள் பாத்ரூம். பொது லைன் எல்லாருக்கும் பொது என்பதால் செலவையும் பிரித்துக்கொள்வதுதான் நியாயம். ஆனால் சங்கத்தில் இதைப் பேசும்போது "எங்க வீட்ல எல்லாம் நல்லாத்தானே போகுது" என்று மேல்மாடிக்காரர் சொல்வார். அவர் வீட்டில் தண்ணீர் ஏறுவதற்கு மூன்று மாடி நிரம்ப வேண்டும். சேம்பர் திறந்திருக்கும்போது அவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். தண்ணீர் ஏறி வருகிற நேரத்தில் எல்லா வீட்டுக்கும் போன் செய்து குழாயை மூடச் சொல்வதுதான் உடனடி வைத்தியம்.

மழை பெஞ்சா மட்டும் சேம்பர் பொங்குது. மத்த நாள்ல ஒண்ணும் இல்ல.

மொட்டை மாடி மழைத் தண்ணீர் பைப்பைச் சாக்கடை சேம்பரில் விட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ, அதே லைனில் இருக்கிற வேறு வீடுகளிலோ. சாக்கடைப் பைப் வீட்டுக் கழிவுக்குப் போட்ட அளவு, ஒரு மணி நேர மழையைத் தாங்காது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அந்தப் பைப்பைச் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள், கிணற்றிலும் தண்ணீர் ஏறும். சுற்றி வேப்ப மரமோ அரச மரமோ இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. பழைய மண் பைப்புகளின் இணைப்பில் மயிர் மாதிரி வேர் நுழைந்து உள்ளே புதர் போல வளர்ந்திருக்கும். கம்பி விட்டு இழுக்கும்போது நார் நாராக வந்தால் அதுதான். அறுத்துவிட்டாலும் திரும்ப முளைக்கும், அந்த இடத்தில் பிவிசி பைப் மாற்றினால் நிற்கும்.

செப்டிக் டேங்க் நெறஞ்சிருக்கா, அடைப்பா, எப்படித் தெரியும்?

டேங்க்குக்கு முந்தைய சேம்பரைப் பாருங்கள். அது காய்ந்திருந்தால் வீட்டுப் பைப் அடைப்பு. அதுவும் நிரம்பி நின்றால் டேங்க்கோ டேங்க் வாயோ. இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை சேறு எடுக்க வேண்டும், பொங்கும்வரை காத்திருக்கக் கூடாது. உரிமம் உள்ள லாரிக்கு 14420 எண்ணில் கேட்கலாம். மீன் தலையும் கோழிக் குடலும் போட்டால் டேங்க் நன்றாக வேலை செய்யும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. டேங்க்குக்குத் தேவையான கிருமிகள் நம் மலத்திலேயே இருக்கின்றன. அவற்றைக் கொல்லுவது நீங்கள் ஊற்றுகிற ஆசிட்டும் பினாயிலும்தான்.

லாரி வர நாலு நாள் ஆகும்னு சொல்றாங்க. உள்ள எறங்கி எடுக்க யாராவது ஆள் இருந்தா சொல்லுங்களேன், காசு எவ்ளோனாலும் பரவாயில்ல.

சொல்ல மாட்டேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் வேறு பதில் கிடையாது. செப்டிக் டேங்க்கிலும் மேன்ஹோலிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருக்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் இரண்டு மூச்சில் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் அப்படியே. செய்தித்தாளில் ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவது இதனால்தான்.

கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்கிற 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறக்குவது குற்றம். நேரடியாகக் கூப்பிட்டாலும் புரோக்கர் மூலம் கூப்பிட்டாலும் ஒன்றுதான். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறந்தவர்கள் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அவரே சம்மதித்துத்தானே இறங்கினார் என்பார்கள், பசியில் இருப்பவர் எதற்குத்தான் சம்மதிக்க மாட்டார். நாலு நாள் தண்ணீரைக் குறைத்துப் புழங்குங்கள், துணியை வெளியில் கொடுத்துத் துவைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டில் குளித்துக்கொள்ளுங்கள். லாரி வரும்.

எல்லாம் பண்ணிட்டேன், மாசா மாசம் அதே எடத்துல திரும்ப அடைக்குது. இப்ப என்ன?

அப்படியென்றால் குறை உங்கள் பழக்கத்தில் இருக்காது, பைப்பின் சாய்வில் இருக்கும். ஒரு மீட்டருக்கு இரண்டிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். கட்டும்போது மட்டம் பார்க்காமல் போட்டிருந்தாலோ, பிறகு மண் இறங்கியிருந்தாலோ, நடுவில் தொய்ந்து அங்கே தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். நேராக 90 டிகிரியில் முடக்கிய வளைவு அடுத்தடுத்து இரண்டு இருந்தாலும் இதே கதைதான்.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அடுத்த முறை ஸ்பிரிங் கம்பி விடும்போது, அடைப்பு முட்டுகிற இடத்தில் கம்பியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு வெளியே எடுங்கள். அந்த நீளத்தை அப்படியே தரை மேல் கம்பி போன வழியில் விரித்துப் பார்த்து, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மூன்று முறையும் அதே கோட்டில் வந்து நின்றால் அங்கேதான் உடைக்க வேண்டும். முழுத் தரையையும் பெயர்க்க வேண்டியதில்லை, இரண்டு டைல்ஸ் போதும். பிளம்பர் மூடுவதற்கு முன், மட்டப்பலகையைப் பைப் மேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரு வாளி தண்ணீரை ஊற்றி அடுத்த சேம்பரில் அது எவ்வளவு நேரத்தில் வந்து விழுகிறது என்று நீங்களே நின்று பாருங்கள், அப்புறம் சிமென்ட் போடச் சொல்லலாம்.